பிள்ளைகளுக்குக் காகித மடிப்பு சொல்லித்தரப் போகிறீர்களா? முதல் வகுப்புக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

போன கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து முதன்முதலாகக் காகித மடிப்பு வகுப்பு எடுத்தேன். கப்பலும் கொக்கும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். அதனால் வகுப்பும் தானாக நடந்துவிடும் என்று நம்பிப் போனேன். இரண்டு மணி நேரத்தில் ஏழு பிள்ளைகள்தான் எதையாவது முடித்தார்கள். மற்றவர்கள் கசங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், மூலையும் மூலையும் சேராத தன் தாளைப் பார்த்தபடி, "எனக்குக் கை சரியா வராதுக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளுடைய தாளை அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் 15 செ.மீ., இன்னொரு பக்கம் 14.7. அது சதுரமே இல்லை. அவள் கையில் ஒரு குறையும் இல்லை. தாளைச் சரிபார்க்காமல் நீட்டியது நான்.

அதற்குப் பிறகு நான்கு வகுப்புகள் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை நாம் முன்கூட்டியே சரிசெய்திருக்க வேண்டியவை. அவற்றைத்தான் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. இடமும் அனுமதியும்: ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

வீட்டு மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு எடுப்பதென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். நூலகம், பள்ளி, குடியிருப்புச் சங்கக் கூடம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலகருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பிள்ளைகள், எந்த வயது, கட்டணம் இல்லை என்ற உறுதி, கூட இருக்கப்போகும் பெரியவர்களின் பெயரும் கைபேசி எண்ணும், கத்தரி பசை எதுவும் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒரு வரி. இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். எங்கள் நூலகர் தயங்கியதே "பசையை மேஜையில கொட்டிடுவாங்களே" என்றுதான். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் வர 11 நாள் ஆனது. நூலகத்தின் வார விடுமுறை எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை.

அரசுப் பள்ளி என்றால் இன்னும் நேரம் வேண்டும். வெளியாள் உள்ளே வந்து நிகழ்ச்சி நடத்துவதைத் தலைமையாசிரியர் தாமாக முடிவுசெய்ய மாட்டார், மேலே கேட்பார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் அந்த நடைமுறை.

பெற்றோர் ஒப்புதல் சீட்டு ஒன்று தயார் செய்யுங்கள். பிள்ளையின் பெயர், வயது, யார் வந்து அழைத்துப்போவார், அவசரத்துக்கு எண், படம் எடுக்கலாமா கூடாதா. படம் பற்றிய கேள்விக்கு "வேண்டாம்" என்று குறித்தவர்களின் பிள்ளைகளைத் தனியாகக் குறித்துவைத்து, படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. தாள்: பாதி வேலை இங்கேதான்

சார்ட் தாள் வேண்டாம். பளிச்சென்று இருக்கும், ஆனால் மடித்த இடத்தில் வெடித்து வெள்ளை தெரியும், மூன்றாவது மடிப்புக்குமேல் சின்ன விரலுக்கு மடங்காது. கிரேப் தாளில் மடிப்பே நிற்காது. பட்டத்தாள் அழகுதான், வியர்த்த கை பட்டால் கிழிந்துவிடும். சதுரமாக வெட்டி விற்கும் ஓரிகாமி தாள் நல்லதுதான். ஆனால் 15 செ.மீ. அளவு ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்குச் சிறியது.

சாதாரண ஏ4 தாள் எல்லாவற்றையும்விட வசதி. 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), இரண்டு பக்கமும் ஒரே வண்ணம். ஒரு ஏ4 தாள் 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் இருக்கும். அதிலிருந்து 21 செ.மீ. சதுரம் ஒன்று கிடைக்கும், 8.7 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும். எட்டு வயதுக்கு மேல் என்றால் ஒரே தாளில் 14.8 செ.மீ. சதுரம் இரண்டு எடுக்கலாம்.

இருபது பிள்ளைகளுக்கு நூறு சதுரத்துக்குக் குறையாமல் வெட்ட வேண்டியிருக்கும். கத்தரிக்கோலில் உட்கார்ந்தால் இரவெல்லாம் ஆகும். அச்சகத்திலோ பைண்டிங் கடையிலோ கட்டிங் மெஷினில் கட்டாக வெட்டித் தருவார்கள். என் முதல் வகுப்புத் தாளும் ஒரு கடையில் வெட்டியதுதான். எண்ணிப் பார்த்து வாங்கினேனே தவிர அளந்து பார்க்கவில்லை.

சரிபார்க்க ஸ்கேல்கூட வேண்டாம். கட்டின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று உருவி மூலைக்கு மூலை மடியுங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் சதுரம். ஒரு பக்கம் நூலிழை வெளியே தெரிந்தாலும் கடையிலேயே சொல்லி மறுபடி வெட்டச் சொல்லுங்கள். முதல் மடிப்பில் 2 மி.மீ. பிசகினால் ஐந்தாவது மடிப்பில் அது விரல் அகலமாகிவிடும்.

பழகிப் பார்க்கும் தாளுக்கு ஒரு பக்கம் அச்சான பழைய தாளே போதும், செலவில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைக் கழிவுத் தாளைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கிய கட்டில் யாருடைய ஆதார் நகலோ இருந்தது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும் இருந்தது. அவற்றைக் கிழித்து அப்புறப்படுத்திவிட்டு, மிச்சத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பயன்படுத்தினேன்.

3. செலவுக் கணக்கு

இருபது பிள்ளைகள், நான்கு பொருட்கள், இரண்டு மணி நேரம். என் இரண்டாவது வகுப்புக்கு ஆனது இது:

வண்ண ஏ4 நூறு தாள் 150 ரூபாய். வெட்டுக்கூலி 60. ஒப்புதல் சீட்டு ஜெராக்ஸ் 20. ஸ்கெட்ச் பேனா இரண்டு பெட்டி 100. மோரும் பிஸ்கட்டும் 200. மொத்தம் 530 ரூபாய். செய்தித்தாள் வீட்டில் இருந்தது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு இரண்டு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பழக ஒன்று, வண்ணத்தில் ஒன்று. அதற்குமேல் மொத்தத்தில் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் கூடுதலாக எடுத்துவையுங்கள். தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள், அந்தக் குட்டிகளும் கை நீட்டும்.

சென்னையில் இருப்பவர்கள் நிறைய வாங்குவதென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம், காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே ஒரு வகுப்புக்கென்றால் அந்த அலைச்சல் வேண்டாம், தெருமுனை ஸ்டேஷனரிக் கடையே போதும்.

4. உட்காரும் முறையும் மின்விசிறியும்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மே மாத வெயிலில் விசிறியைப் போட்டால் தாளெல்லாம் அறை முழுக்கப் பறக்கிறது. நிறுத்தினால் பிள்ளைகளின் கை வியர்த்துத் தாள் நமுத்துப்போகிறது. இதற்கு வழி பரீட்சை அட்டை. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். மிச்சத் தாள்கள் அதன் கிளிப்பில் நிற்கும், மடிக்க உறுதியான பரப்பும் ஆயிற்று. பாயிலோ தொடையிலோ வைத்து மடித்தால் நேர்க்கோடு வராது. விசிறி மெதுவாக ஓடட்டும். கை துடைக்க ஆளுக்கொரு துணி.

வட்டமாக உட்காரவைக்காதீர்கள். எதிரே இருப்பவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து இரண்டு வரிசை, சின்னவர்கள் முன்னால். செய்துகாட்டும்போது நீங்களும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடியுங்கள். உங்கள் வலக்கை அவர்கள் வலக்கைப் பக்கமே இருக்கும். பார்க்க விநோதமாக இருந்தாலும் குழப்பம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. செய்துகாட்டும் தாள் பெரிதாக இருக்கட்டும். இரண்டு செய்தித்தாள் பக்கத்தை ஒட்டிப் பெரிய சதுரம் வெட்டி, ஒரு பக்கம் வண்ணம் பூசிக் காயவைத்தால் உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று பின்வரிசை வரை தெரியும்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட இருக்க வேண்டும். அவர்கள் முந்தின நாளே உங்களோடு உட்கார்ந்து நான்கையும் ஒருமுறை மடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

5. சொற்களை முதலில் முடிவு செய்யுங்கள்

"வலது மேல் மூலையை இடது கீழ் மூலைக்கு" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அறையைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம். தாளில் நம்மை நோக்கி இருப்பது வயிற்றுப் பக்கம், எதிரே இருப்பது சுவர்ப் பக்கம். மடிப்புக்கும் பெயர் வையுங்கள். பாதியாக மடித்தால் புத்தகம், மூலைக்கு மூலை மடித்தால் சமோசா, இரண்டு ஓரமும் நடுவில் சேர்ந்தால் கதவு. "புத்தகம் மூடு, திற, இப்போ கதவு சாத்து" என்றால் கைகள் தாமாகப் போகின்றன.

ஒவ்வொரு மடிப்பிலும் மூன்று சொல்: சேர், பிடி, தேய். மூலைகளைச் சேர்த்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் பிடிக்காமல் தேய்ப்பார்கள், சேர்த்தது நழுவிவிடும். நகத்தால் தேய்த்துக் கட்டைவிரல் சிவந்துபோகும் சின்னவர்களுக்கு ஐஸ்கிரீம் குச்சி கொடுங்கள்.

6. எதை, எந்த வரிசையில்

ராக்கெட்டில் தொடங்காதீர்கள். பறக்கத் தொடங்கிய பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். நான் இப்போது போகும் வரிசை கீழே.

நாய் முகம் (15 நிமிடம்): 21 செ.மீ. சதுரத்தைச் சமோசாவாக மடித்து, நீளப் பக்கம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். அந்த நீளப் பக்கத்தின் இரண்டு நுனிகளையும் சாய்வாகக் கீழே மடித்தால் காது. வயிற்றுப் பக்கத்து முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் வாய். கண்ணும் மூக்கும் வரையச் சொல்லுங்கள். இதில் மடிப்பு கோணலானாலும் நாய் நாய்தான். காது ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்றால் இன்னும் அழகு. தோற்க வழியில்லாத ஒன்றை முதலில் முடித்த பிள்ளைக்கு அடுத்ததைத் தொடத் தைரியம் வருகிறது.

டம்ளர் (25 நிமிடம்): இதில்தான் முன்பு சொன்ன பட்டை வேலைக்கு வருகிறது. சமோசாவாக மடித்து, நீளப் பக்கம் வயிற்றுப் பக்கம், உச்சி சுவர்ப் பக்கம். இப்போது ஒரு பக்க நுனியைக் கொண்டுபோய் எதிர்ச் சரிவில் வைக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். உச்சியிலிருந்து சரிவில் 8.7 செ.மீ. கீழே அந்த இடம். அதாவது வெட்டி மிஞ்சிய பட்டையின் அகலம் எதுவோ அதுவேதான். பட்டையை உச்சியிலிருந்து சரிவின் ஓரமாக வைத்து, இரண்டு சரிவிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜன்னல் பக்க நுனி கதவுப் பக்கப் புள்ளிக்கு, கதவுப் பக்க நுனி ஜன்னல் பக்கப் புள்ளிக்கு. மேலே இரண்டு முக்கோண மடல்கள் நிற்கும். முன்மடலை முன்னால் இருக்கும் பைக்குள் செருகுங்கள், பின்மடலைப் பின்னால் மடித்து விடுங்கள். இரண்டு ஓரத்தையும் லேசாக அமுக்கினால் வாய் திறக்கும்.

உடனே தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். ஒட்டாத, தைக்காத தாளில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும்போது அறையே அமைதியாகிவிடும். சில நிமிடம் தாங்கும், அப்புறம் அடியில் ஊறும். குடிக்கக் கொடுப்பதானால் சுத்தமான வெள்ளைத் தாள் மட்டுமே. வண்ணத் தாளில் சாயம் இறங்கும், செய்தித்தாளில் மை. வண்ண டம்ளரில் பொரிகடலை போட்டுக் கொடுக்கவும் வேண்டாம், ஈரக் கையோடு எடுத்துத் தின்பார்கள்.

இடைவேளை (10 நிமிடம்): மோர்.

தொப்பி, அதைத் தொடர்ந்து கப்பல் (15 + 30 நிமிடம்): கப்பல் எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். பார்த்திருப்பார்கள், அப்பா மடித்துக் கொடுத்திருப்பார். தானாக மடித்த பிள்ளைகள் குறைவு. கப்பலின் முதல் பாதி தொப்பிதான். அதைப் பெரிய தாளில் தனியாகப் பழக்கிவிட்டால் கப்பல் தொடர்ச்சியாக வந்துவிடும்.

செய்தித்தாளில் ஒற்றைப் பக்கம் பிள்ளைத் தலைக்குச் சரியாக இருக்கும். பெரியவர்களுக்கு விரித்த இரட்டைத் தாள். குட்டைப் பக்கங்கள் சேரும்படி பாதியாக மடித்து, மூடிய ஓரத்தைச் சுவர்ப் பக்கம் வையுங்கள். நடுக்கோடு தெரிய ஒருமுறை புத்தகம் மூடித் திறங்கள். மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் கூரை. அடியில் மிஞ்சும் பட்டைகளில் ஒன்றை முன்பக்கம் மேலே, மற்றதைப் பின்பக்கம் மேலே மடித்தால் தொப்பி. ஐந்து நிமிடம் எல்லோரும் போட்டுக்கொண்டு அலையட்டும்.

பிறகு ஏ4 தாளில் அதே தொப்பி. பட்டையின் ஓரங்களில் துருத்தும் மூலைகளை ஒன்றின் அடியில் ஒன்றாகச் செருகச் சொல்லுங்கள். இதை விட்டால் அடுத்த கட்டம் பிரிந்துபோகும். இப்போது தொப்பிக்குள் இரண்டு கட்டைவிரலையும் விட்டு, வாயைத் திறந்து, முன்னும் பின்னுமாக இழுத்து, ஜன்னல் பக்க நுனியும் கதவுப் பக்க நுனியும் ஒன்றையொன்று தொடும்படி தட்டையாக்க வேண்டும். சதுரம் வரும். அறையில் பாதிப் பேர் இங்கேதான் நிற்பார்கள். அவசரப்படாதீர்கள், இந்த ஒரு அசைவுக்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "மீன் வாயைத் திறக்குது, திறக்குது, பக்கவாட்டில் மூடுது" என்று நான் சொல்வேன்.

சதுரத்தின் திறந்த முனையில் முன்தாளை உச்சி வரை மேலே, பின்தாளைப் பின்னால் மேலே. மறுபடி முக்கோணம். மறுபடி கட்டைவிரல், மறுபடி மீன் வாய், மறுபடி சதுரம். கடைசியாக உச்சியில் இருக்கும் இரண்டு இதழ்களையும் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தால் கப்பல். வேகமாக இழுத்தால் நடுவில் கிழியும், அதனால் முதலில் பழைய தாளில்.

இதையெல்லாம் கூட்டினால் 95 நிமிடம்தான் வரும். மிச்ச 25 நிமிடம் உட்காரவும், தாள் கொடுக்கவும், தாமதமாக வருபவர்களுக்கும், அழுபவர்களுக்கும் போய்விடும். ஐந்தாவது பொருள் எதையும் சேர்க்காதீர்கள்.

7. கொக்கு கேட்பார்கள்

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள் நெருங்கும்போது பள்ளிகளில் காகிதக் கொக்கு கேட்பார்கள். அணுகுண்டுக்குப் பலியானவர்களின் நினைவாக, சமாதானச் சின்னமாக மடிப்பது அது. ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே மணி நேரத்தில் ஆளுக்கொரு கொக்கு செய்ய வேண்டும் என்றார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். கடைசியில் நானும் இரண்டு ஆசிரியைகளும் உட்கார்ந்து மடித்தோம், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

கொக்கில் ஒரு மடலைத் தூக்கிப் பக்கங்களை உள்ளே அமுக்கி நீளமாக்கும் இதழ் மடிப்பு உண்டு. அது பத்து வயதுக்குக் கீழே கைகூடுவது அரிது. பத்து வயதுக்கு மேல் என்றால் இரண்டு வகுப்பாகப் பிரித்துக் கேளுங்கள், ஜூலையிலேயே தொடங்குங்கள். சின்னவர்கள் வெள்ளைத் தாளில் எளிய பறவை செய்து, அதன் இறக்கையில் தங்கள் பெயரை எழுதட்டும். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

8. பிள்ளையின் கையிலிருந்து தாளை வாங்காதீர்கள்

"இங்க கொடு, நான் செய்றேன்" என்ற வார்த்தை நம் வாயில் தயாராக இருக்கும். உதவிக்கு வந்த பெரியவர்களிடமும் இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளை திணறினால் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தாளில் அதே மடிப்பை மெதுவாகச் செய்யுங்கள். அது பார்த்துக்கொண்டு தன் தாளில் செய்யும். தப்பாக மடித்ததைப் பிரிக்க வேண்டியிருந்தால் புதுத் தாள் கொடுங்கள். பழைய மடிப்புக் கோடுகள் குழப்பும்.

இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளை எதிர்ப்பக்கத்திலிருந்து மடித்தால் விட்டுவிடுங்கள். முடிவில் ஒன்றுதான். "வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொல்லிக்கொடு" என்று சொல்லி ஒரு வெற்றுச் சதுரமும் கையில் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் வந்து எந்த இடத்தில் மறந்துபோனது என்று சொல்வார்கள். நீங்கள் எந்த இடத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த நாலாம் வகுப்புப் பெண் இரண்டாவது வகுப்புக்கும் வந்தாள். முதலில் ஒரு தாளை எடுத்து அவளிடமே கொடுத்து, மூலைக்கு மூலை சேர்த்துப் பார், சதுரமா இல்லையா என்று நீ சொல் என்றேன். பார்த்துவிட்டு, "சேருதுக்கா" என்றாள். அன்று தாள் கட்டுகளைச் சரிபார்த்தது அவள்தான்.

9. முடிந்த பிறகு

ஒப்புதல் சீட்டில் இருப்பவரிடமே பிள்ளையை அனுப்புங்கள். வேறு யாராவது வந்தால் அந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். தரையில் கிடக்கும் தாளைப் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கி, நூலகரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது அது உதவும்.

மிச்சச் சதுரங்களை ரப்பர் பேண்ட் போடாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் ஓரத்தை வளைத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் ஓரம் சுருண்டுகொள்ளும். அடுத்த கோடைக்கு வேண்டுமென்றால் மார்ச் நடுவில் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் எல்லோரும் கேட்பார்கள்.